மத்திய வரியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு, ஏன்?

மத்திய அரசு வசூலிக்கும் வருமான வரி, நிறுவன வரி, சுங்க வரி, மத்திய ஜிஎஸ்டி ஆகியவற்றில் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. இது டெல்லி மனமிரங்கித் தரும் உதவி அல்ல. அரசியலமைப்பின் 270-வது பிரிவு தரும் உரிமை. பங்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 280-வது பிரிவின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது குடியரசுத் தலைவர் அதை அமைக்க வேண்டும்.

முதல் கேள்வி, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து எவ்வளவு என்பது. 14-வது நிதிக்குழு 42 சதவீதம் என்றது. என்.கே. சிங் தலைமையிலான 15-வது நிதிக்குழு அதை 41 ஆக்கியது. ஜம்மு காஷ்மீர் மாநிலத் தகுதியை இழந்ததே காரணம்.

அடுத்த கேள்வியில்தான் சண்டை: அந்த 41-ஐ மாநிலங்களுக்குள் எப்படிப் பிரிப்பது? 2021-26 காலத்துக்கு 15-வது நிதிக்குழு வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடை, அதாவது கணக்கீட்டில் அவ்வளவு முக்கியத்துவம், கொடுத்தது. தனிநபர் வருமானத்தில் முன்னணி மாநிலத்தைவிட ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ, அவ்வளவு கூடுதல் பங்கு. 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, காடுகளுக்கு 10, பிறப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, வரி வசூல் முயற்சிக்கு 2.5.

இதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. பகிர்வுக்குரிய வரி நூறு ரூபாய் என்றால், தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 67 காசு, உத்தரப் பிரதேசத்துக்கு 7 ரூபாய் 35 காசு. 2011 கணக்கெடுப்பில் உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை தமிழ்நாட்டைப் போல் 2.8 மடங்கு, வரிப் பங்கோ 4.4 மடங்கு. அதாவது, தலைக்குக் கணக்கிட்டால் அங்கே சுமார் ஒன்றரை மடங்கு.

இது அநியாயமா? ஏழை மாநிலத்துக்குத் தலைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒரே அளவு வரி விதித்தாலும் ஏழை மாநிலத்தில் வசூல் குறைவு. அதற்காக அங்கே பிறந்த குழந்தைக்குப் பள்ளியும் மருத்துவமனையும் குறைவாக இருக்கலாமா? ‘நாம் கொடுத்த ரூபாயில் எத்தனை காசு திரும்பி வந்தது’ என்ற கணக்கும் அரைகுறையானது. நாடெங்கும் வியாபாரம் செய்யும் நிறுவனம், தலைமை அலுவலகம் உள்ள நகரத்தில் வரி கட்டுகிறது. அந்த வரி முழுவதும் அந்த மாநிலத்தின் உழைப்பு ஆகிவிடாது.

ஆனால் தென் மாநிலங்களின் வருத்தத்தில் உண்மை இருக்கிறது. முந்தைய நிதிக்குழு 1971 மக்கள்தொகைக்கு 17.5 சதவீத எடை தந்திருந்தது. 15-வது நிதிக்குழு முழுக்க 2011-க்கு மாறியது. குடும்பக் கட்டுப்பாட்டை அக்கறையோடு செய்த மாநிலங்கள் அதற்காகவே இழப்பைச் சந்திக்கும் நிலை வந்தது. பிறப்பு விகிதத்துக்கான 12.5 சதவீதம் அதை ஈடுகட்டவே வந்தது. தமிழ்நாட்டின் பங்கு 4.023-லிருந்து சற்றே உயர்ந்தாலும், கர்நாடகம் 4.713-லிருந்து 3.647-க்கும், கேரளம் 2.5-லிருந்து 1.925-க்கும் சரிந்தன.

இதைவிடப் பெரிய அநீதி செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி), சர்சார்ஜ் (வரியின் மீது விதிக்கும் கூடுதல் வரி) என்ற பெயர்களில் வசூலாகும் பணத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின்படியே அவை பகிர்வுக்கு வெளியே நிற்பவை. வரியைக் குறைத்து செஸ்ஸைக் கூட்டினால் மக்கள் செலுத்தும் தொகை மாறாது, மாநிலங்களின் பங்கு மட்டும் சுருங்கும். உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு இரண்டுக்குமே இதில் நஷ்டம். மாநிலங்கள் ஒன்றோடொன்று மோதுவதை விட்டு, சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான்.

2026 ஏப்ரல் முதலான ஐந்தாண்டுகளுக்கு அரவிந்த் பனகாரியா தலைமையில் 16-வது நிதிக்குழு அமைக்கப்பட்டது. நிதிக்குழு அறிக்கையை, எடுத்த நடவடிக்கை பற்றிய விளக்கத்துடன் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது 281-வது பிரிவு. மாநிலத்துக்குள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பணம் பிரிக்க அரசியலமைப்பின் 243-I, 243-Y பிரிவுகளின்கீழ் மாநில நிதிக்குழு உண்டு. அதன் அறிக்கை சட்டப்பேரவைக்கு வர வேண்டும்.