பாப்பாவோட உச்சி ஏன் புடைக்குது?

போன வாரம் ராத்திரி பத்தரை மணி இருக்கும், சித்தி மக போன் பண்ணுனா. "அக்கா, பாப்பாவுக்கு உச்சி மேல எந்திரிச்சு நிக்குதுக்கா, தொட்டா கிண்ணுன்னு இருக்கு"ன்னு சொல்லும்போதே குரல் நடுங்குது, பின்னாடி பாப்பா வீறிட்டு அழுற சத்தம். ஆறு மாசக் குழந்தை. காய்ச்சல் இருக்கா, வாந்தி எடுத்தாளா, பால் ஒழுங்கா குடிச்சாளான்னு முதல்ல கேட்டேன், எல்லாத்துக்கும் பிரச்சனை இல்லன்னா. அடுத்து, இப்ப அவ படுத்திருக்காளா இல்ல தோள்ல வச்சிருக்கியான்னு கேட்டேன். படுக்க வச்சிருக்கேன், அதுக்கென்னக்கான்னு அவளுக்குப் புரியல. அந்தக் கேள்விக்குள்ளதான் விஷயமே இருக்கு, அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

உச்சிக்குழி தெரியாதவங்க யாரும் இல்ல. நெத்தி எலும்பு ரெண்டும் பக்கத்து எலும்பு ரெண்டும் சந்திக்கிற இடத்துல இன்னும் எலும்பாகாத ஒரு சாய்சதுர இடைவெளி, பிறந்தப்போ சராசரியா 2 செ.மீ. இருக்கும். பிரசவத்துல தலை நெளிஞ்சு கொடுத்து வெளிய வரவும், முதல் வருஷத்துல மூளை ரெண்டு மடங்குக்கு மேல வளரவும் அது வேணும். பெரும்பாலும் 12லேர்ந்து 18 மாசத்துக்குள்ள மூடிக்கும், சில குழந்தைங்களுக்கு ரெண்டு வயசு வரைக்கும் போகும். வெறும் தோல்தான் மூளையைக் காக்குதுன்னு நிறைய பேர் பயப்படுறாங்க, அப்படி இல்ல, கீழ கெட்டியான நார்ச்சவ்வு இருக்கு, குளிப்பாட்டும்போது கை பட்டா ஒண்ணும் ஆகாது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். நம்ம மண்டை ஓடு ஒரு மூடுன எலும்புப் பெட்டி, அதுக்குள்ள மூணே மூணுதான் இருக்கு: மூளை, ரத்தம், மூளையைச் சுத்தி நிக்கிற தெளிஞ்ச நீர். மூணையும் பெருசா அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால ஒண்ணு கூடுனா இன்னொண்ணு குறைஞ்சே ஆகணும், குறைய முடியலன்னா உள்ள அழுத்தம் ஏறும். அலெக்சாண்டர் மன்ரோ 1783லயும் ஜார்ஜ் கெல்லி 1824லயும் எழுதி வச்ச கணக்கு இது, ரெண்டு பேரும் ஸ்காட்லாந்து டாக்டருங்க, இன்னைக்கும் நரம்பியல் வார்டுல இதை வச்சுத்தான் யோசிக்கிறாங்க. பெரியவங்களுக்கு அந்த அழுத்தத்தை நேரா அளக்கணும்னா மண்டையில துளை போட்டு கருவி வைக்கணும். குழந்தைக்கு அது வேண்டாம், ஊறுகாய் ஜாடி வாய்க்குத் துணியால வேடு கட்டியிருப்போம்ல, அந்த மாதிரி பெட்டியோட வாய் சவ்வால கட்டியிருக்கு, உள்ள கூடுனா மேல புடைக்கும், குறைஞ்சா கீழ தொய்யும். பத்து மாசக் குழந்தை தூங்கும்போது கிட்ட உக்காந்து பாருங்க, உச்சி துடிக்கிறது தெரியும், ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் உள்ள வர்றப்போ சவ்வு ஏறி இறங்குது. நமக்கும் தலைக்குள்ள இதே துடிப்பு நடக்குது, ஆனா நம்ம பெட்டி மூடுனது, அதனால ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் நீர் கழுத்து வழியா முதுகுத்தண்டுக்குள்ள இறங்கி இறங்கித் திரும்புது, எம்ஆர்ஐல அந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்.

சரி, அழுதா ஏன் புடைக்குது? கால் நரம்புல ரத்தம் கீழ வழியாம இருக்க வழிநெடுக வால்வு இருக்குன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்போம், ஆனா மூளைக்குள்ள இருக்குற அசுத்த ரத்தக் குழாய்ங்கள்ல வால்வே கிடையாது, கழுத்துக் குழாயோட அடியில மட்டும்தான் இருக்கு. குழந்தை முக்கி அழும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறுது, தலையிலேர்ந்து இறங்குற ரத்தம் நெஞ்சுக்குள்ள நுழைய முடியாம வாசல்ல நிக்குது, அந்தத் தேக்கம் அப்படியே மூளை வரைக்கும் போகுது. ஆனா இதயம் மேல அனுப்புற ரத்தம் நல்ல வேகத்துல வர்றதால அது நிக்கல. வரத்து அப்படியே, போக்கு மட்டும் குறைஞ்சா என்ன ஆகும், பெட்டியில ரத்தம் கூடுது, உச்சி புடைக்குது, முகம் செவக்குது. ஒரு அழுகைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூச்சை இழுக்குதுல்ல, அந்த ஒரு நொடியில நெஞ்சு அழுத்தம் இறங்கி உச்சி சட்டுனு தாழும், கவனிச்சுப் பாருங்க. வாந்தி எடுக்கும்போதும் முக்கி மலம் போகும்போதும் இதேதான்.

படுத்திருந்தாலும் லேசா தூக்குனாப்புல தெரியலாம். நிமிர்த்தி உக்கார வச்சா ரத்தமும் நீரும் தன் எடையிலயே கீழ இறங்கிடும், அப்ப நல்லா இருக்குற குழந்தைக்கு உச்சி சமமாவோ கொஞ்சம் குழிஞ்சோதான் இருக்கும். அதனாலதான் தோள்ல போடு, அழுகை அடங்கட்டும், அப்புறம் தடவிப் பாருன்னு சொன்னேன்.

அழுகை நின்னு, நிமிர்த்தி வச்சும் உச்சி புடைச்சு இறுக்கமா நிக்குதுன்னா அது வேற கதை, ராத்திரி எத்தனை மணின்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். காய்ச்சலோட சேர்ந்து வந்தா மூளைக்காய்ச்சலா இருக்கலாம், மூளையோட உறை வீங்கி நீர் தேங்குது. வெளுத்துப்போய் சோர்ந்து கிடந்தா உள்ள ரத்தக்கசிவா இருக்கலாம். பிறந்த உடனே போடுற வைட்டமின் கே ஊசி அந்தக் கசிவைத் தடுக்கத்தான், பச்சக்குழந்தைக்கு ஊசியே கூடாதுன்னு சொல்லித் திரியுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வருது. குழந்தையைப் பிடிச்சு வேகமா உலுக்குனாலும் இதே கசிவு வரும். மெல்ல மெல்ல மாசக்கணக்குல புடைச்சு தலையும் பெருசானா நீர் வடியுற பாதை அடைச்சிருக்கலாம், கண்ணு கீழ இறங்கி மேல வெள்ளை தெரியும். தடுப்பூசி போட்ட பிறகோ நிறைய வைட்டமின் ஏ குடுத்த பிறகோ சில குழந்தைங்களுக்குப் புடைச்சு ஓரிரு நாள்ல தானா அடங்கியிருக்கு, ஆனா அதுதான்னு முடிவு பண்ண வேண்டியது டாக்டர், நாம இல்ல. இன்னொண்ணு, மூளைக்காய்ச்சல் வந்த எல்லாக் குழந்தைக்கும் உச்சி புடைக்காது, காய்ச்சலோட பால் குடிக்காம துவண்டு கிடந்தா உச்சி சரியாத்தானே இருக்குன்னு காத்திருக்காதீங்க.

நம்ம ஊர்ல உச்சியில எது ஆனாலும் சூடுன்னு சொல்லி விளக்கெண்ணெய் வைப்பாங்க. எண்ணெய் வைக்கிறதால கெடுதல் இல்ல, வச்சுட்டு காலைல பார்ப்போம்னு உக்காந்திருக்குறதுலதான் கெடுதல், மூளைக்காய்ச்சல்ல அந்த ஒரு ராத்திரி ரொம்பப் பெருசு. உச்சி விழுந்துருச்சுன்னு சொல்றது நேர் எதிர், பேதியில உடம்புல தண்ணி வத்திப் போறது, அதுக்கு வேணும்கிறது ஓஆர்எஸ்ஸும் டாக்டரும். இதைவிட என்னைக் கவலைப்படுத்துறது முதுகுல ஊசி போட்டா கால் விளங்காதுங்கிற பயம். மூளைக்காய்ச்சலா இல்லையான்னு உறுதியாத் தெரிய, மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி நிக்கிற அந்த நீரைத்தான் எடுத்துப் பார்க்கணும், தண்டுவடம் முடியுற இடத்துக்குக் கீழதான் ஊசி போகும், அந்தப் பயத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்ன ஒரு குடும்பத்தை நானே பார்த்திருக்கேன்.

ரெண்டு நல்ல சேதியும் இருக்கு. எலும்பு தாண்டி ஸ்கேன் ஒலி சரியாப் போகாது, ஆனா உச்சிக்குழி ஜன்னல் மாதிரி, அது மேல கருவியை வச்சா குறைமாசக் குழந்தையோட மூளையைக் கட்டில்ல இருந்து எடுக்காமலே பார்த்துடலாம், கதிர்வீச்சும் கிடையாது. நீர் அடைப்புக்கு மூளையிலேர்ந்து வயித்துக்கு ஷன்ட்டுன்னு மெல்லிசா ஒரு குழாய் வச்சு வடிய விடுறாங்க, அதுக்கு உத்தரப்பிரதேசம் ஷாஜஹான்பூர்ல தயாராகுற சாப்ரா ஷன்ட்டையும் அதைவிட பல மடங்கு விலையுள்ள வெளிநாட்டு ஷன்ட்டையும் உகாண்டாவுல குழந்தைங்களுக்கு வச்சு ஒரு வருஷம் பார்த்து 2005ல வெளியிட்டாங்க, பலன்ல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. நம்ம ஊர்ல செஞ்ச பொருளை நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்லயே இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்க்குற ஆராய்ச்சிக்கு அரசு இன்னும் நிறைய பணம் ஒதுக்கணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன்.

மூளைக்காய்ச்சலுக்கு முக்கியக் காரணமா இருந்த ஹிப் கிருமிக்கான மருந்து ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள்ளயே இருக்கு, இந்தியாவுல அதை அரசு இலவசமா முதல்ல குடுத்தது தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான், 2011 டிசம்பர்ல. சித்தி மக பாப்பாவுக்கும் மூணு தவணையும் போட்டாச்சுன்னா. தோள்ல போட்டு நடந்துக்கிட்டே போன்ல பேசிட்டு இருந்தவ, பத்து நிமிஷத்துல "உள்ள போயிருச்சுக்கா, இப்ப குழியாத்தான் இருக்கு"ன்னு மெதுவா சொன்னா. மறுநாள் டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வந்தா, தலைச் சுத்தளவு அளந்து கார்டுல எழுதிக் குடுத்திருக்காங்க.