கப்பலில் வந்த குரங்குகள்

கங்கா தலாவ் குளக்கரையில் அர்ச்சனைத் தட்டை ஒரு நிமிடம் கீழே வைத்தால் போதும், வாழைப்பழம் குரங்கின் கையில் இருக்கும். மொரீஷியஸில் பிறந்த நமக்கு ‘ஸாக்கோ’, அதாவது கிரியோலில் குரங்கு, பழகிய முகம். ஆனால் இந்தத் தீவின் சொந்தப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டும்தான். நீண்டவால் குரங்கு தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் போர்த்துகீசியர் அல்லது டச்சுக்காரர் கப்பலில் வந்து இறங்கியது.

கைதவறிய சில குரங்குகள் ஒரு தீவையே நிரப்புவது எப்படி? தனியாக ஓடிப்போன குரங்கு தனியாகவே செத்துப்போகும். சில பெண் குரங்குகளாவது சேர்ந்து தப்ப வேண்டும். பெண் குரங்கு ஏறக்குறைய நான்கு வயதில்தான் தாயாகும். ஐந்தரை மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி போடும். மெதுவான பெருக்கம்தான். ஆனால் இங்கே சிறுத்தையும் இல்லை, மலைப்பாம்பும் இல்லை. பூர்வீகக் காட்டில் இரையாகிப்போயிருக்கும் குட்டிகள் இங்கே பிழைத்துக்கொண்டன.

வந்தவை கொஞ்சம்தான் என்பதற்கு அவற்றின் உடம்பே சாட்சி. நோய் எதிர்ப்பை நடத்தும் மரபணுத் தொகுதியில் முக்கிய வகைகள் ஏழுதான் இருக்கின்றன. ஆசியக் குரங்குகளிடம் சாதாரணமாகக் காணப்படும், மனிதருக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்தான ஹெர்பிஸ் பி வைரஸும் இவற்றிடம் இல்லை. ஆராய்ச்சிக்கூடங்கள் இவற்றைத் தேடி வாங்குவது இதனால்தான்.

சரி, சாப்பாடு? என்னை அதிகம் கலங்கவைப்பது அதுதான். உப்பும் மிளகாயும் தொட்டு நாம் ஆசையாகச் சாப்பிடும் சீனக் கொய்யா, பெயரில் சீனம் இருந்தாலும் பிரேசில் செடி. அதன் பொடி விதைகளைக் குரங்கு பழத்தோடு விழுங்கிவிடுகிறது. போகிற இடமெல்லாம் எச்சத்தில் விதைக்கிறது. கொய்யா பெருகப் பெருகக் குரங்குக்கு உணவு, குரங்கு பெருகப் பெருகக் கொய்யாவுக்கு இடம். தீவின் சொந்த மரங்களுக்கோ நேர்மாறு. அவற்றின் காய்களைப் பழுக்கும் முன்பே கடித்துப் போடுகிறது, விதை முற்றுவதே இல்லை. அப்புறம் கூடுகள். முட்டையையும் குஞ்சையும் எடுத்துத் தின்றுவிடும். இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவைகளாகக் குறைந்துபோனதில் எலி, பூனையோடு குரங்குக்கும் பங்கு உண்டு.

பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காட்டில் சில பகுதிகளுக்கு வேலி போட்டு, கொய்யாவைக் கையால் பிடுங்கி, பழைய மரங்களை வளரவிடுகிறார்கள். கண் குளிரும் வேலை அது. மானும் பன்றியும் வேலிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. குரங்கு மட்டும் ஏறிக் குதித்து உள்ளே வந்துவிடுகிறது.