மேஃப்ளவர் வரை போகும் வம்சாவளி: பெயர் ஒத்துப்போனால் போதாது

இணையத்தில் கிடைத்த ஒரு வம்சாவளியை அச்செடுத்துக்கொண்டு வந்து, "1620-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற மேஃப்ளவர் கப்பலில் வந்தவர் வரைக்கும் போகிறது, சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அமெரிக்க மருமகனோ மருமகளோ வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இப்போது கேட்கின்றன. பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்கத்து முன்னோரையும் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் 'இன்னார் மகள் இன்னார்' என்பதற்குத் தலைமுறைக்குத் தலைமுறை அந்தக் காலத்துச் சான்று வேண்டும். நடுவில் ஓர் இணைப்பு தவறினாலும் அதற்கு மேலே உள்ளவர்கள் எல்லாம் வேறு யாருக்கோ பாட்டன்கள்.

தெரிந்தே புனைந்தவர்களும் உண்டு. நியூயார்க்கில் இருந்த கஸ்டாவ் அஞ்சூ, பணம் படைத்த குடும்பங்களுக்குப் போலிப் பதிவுகளைச் செருகி வம்சாவளி எழுதிக் கொடுத்தார். அவர் 1942-ல் இறந்துபோனார். அவர் எழுதியவற்றை உண்மை என்று நம்பி இன்றும் நகலெடுக்கிறார்கள்.

இன்றிலிருந்து பின்னோக்கிப் போனால் 1850 வரை அமெரிக்க சென்சஸ் கைகொடுக்கும். அதற்கு முந்தையவற்றில், 1790-ன் முதல் சென்சஸ் உட்பட, குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. ஆங்கிலேயர் ஆண்ட காலனிக் காலத்துக்குப் போய்விட்டால் நாடு முழுவதற்குமான சென்சஸே கிடையாது. அங்கே நான் முதலில் தேடுவது சொத்து ஆவணங்களைத்தான். பிறந்த தேதியை எழுதாமல் விட்ட குடும்பம்கூட நிலத்தை எழுதாமல் விடவில்லை. உயிலில் மகளின் பெயர் கணவர் வீட்டுப் பெயரோடு வரும். நில விற்பனைப் பத்திரத்தில் மனைவியும் ஒப்பமிட்டிருப்பார், ஏனென்றால் விதவையானால் கணவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின் மீது அவருக்கு வாழ்நாள் உரிமை உண்டு.

மாசசூசெட்ஸ் ஊர் ஒன்றில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு 'சீனியர்', மற்றவருக்கு 'ஜூனியர்' என்று எழுதியிருந்ததால் அப்பா, மகன் என்றே எல்லோரும் சேர்த்திருந்தார்கள். அக்காலத்தில் அது ஊரில் வயதில் மூத்தவர், இளையவர் என்பதற்கும் போட்ட அடையாளம். உறவே இல்லாமலும் இருக்கலாம். பத்திரப் பதிவேட்டின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பயனில்லை, அது நகலெடுத்த எழுத்தருடைய கை. நீதிமன்றக் கோப்பில் இருந்த மூல உயிலை வரவழைத்துப் பார்த்தோம். மூத்தவர் தன் பிள்ளைகளை வரிசையாகப் பெயர் சொல்லியிருந்தார், அதில் இளையவர் இல்லை. இளையவரை 'என் தம்பி மகன்' என்று தனியாகக் குறித்து ஒரு சிறு நிலத்தை விட்டிருந்தார்.

தேதியில் இன்னும் கவனம் வேண்டும். 1752 வரை ஆங்கிலேயக் காலனிகளில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் 1690 ஏப்ரலில் கல்யாணம், 1690 பிப்ரவரியில் குழந்தை என்று இருந்தால் திருமணத்துக்கு முன்பே பிறந்த குழந்தை என்று முடிவுகட்டாதீர்கள். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1691, அதாவது பத்து மாதம் கழித்துப் பிறந்த குழந்தை அது. இது தெரியாமல், இல்லாத ஒரு முதல் மனைவியைக் கொண்டுவந்து சேர்த்த வம்சாவளிகளையும் பார்த்திருக்கிறேன்.

வர்ஜீனியா கதையே வேறு. உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று சில கவுண்டிகள் (நம் மாவட்டங்கள் போன்றவை) ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்த பதிவேடுகள், 1865 ஏப்ரலில் அந்த நகரம் எரிந்தபோது சேர்ந்தே எரிந்தன. அதோடு கைவிட வேண்டாம். காலனி அரசு கொடுத்த நிலப் பட்டாக்கள் தப்பியிருக்கின்றன. கப்பல் செலவு கொடுத்து அழைத்துவந்த ஆளுக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்று கணக்கிட்டதால், பல பட்டாக்களில் வந்தவர்களின் பெயர்கள் இருக்கும். ஆனால் பட்டாவின் ஆண்டை வந்திறங்கிய ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல வருடம் கழித்தும் நிலம் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம், இறந்தவரின் சொத்துப் பட்டியலைப் புரட்டும்போது ஓர் இடத்தில் நிதானியுங்கள். பசு, கட்டில், பித்தளைப் பானை என்று விலையோடு போகும் வரிசையில், அடிமையாக வைத்திருந்த மனிதர்களின் பெயர்களும் விலையோடு வரும். அவர்களுடைய சந்ததியினருக்கு 1870 சென்சஸுக்கு முன்னால் பெயர் தேடுவது மிகக் கடினம். உங்கள் தேடலுக்கு அந்த வரி தேவைப்படாமல் இருக்கலாம். இருந்தாலும் அந்தப் பெயர்களை, எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்ற விவரத்தோடு பகிர்ந்து வையுங்கள். இன்னொரு குடும்பம் அவர்களைத் தேடிக்கொண்டிருக்கும்.