1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா எங்கே இருந்தார்? புதுச்சேரி ஒப்பந்தமும் பிரெஞ்சுக் குடியுரிமையும்

"நமக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி கிடைக்குமா?" புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. தாத்தா பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர், பிரெஞ்சில் எழுதிய அவருடைய பிறப்புச் சான்று பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, அது போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தார் என்பதற்காக மட்டும் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்று அந்த உரிமை வந்துவிடாது. இந்தியாவும் பிரான்சும் 1956இல் செய்துகொண்ட ஒப்படைப்பு ஒப்பந்தத்தின் சில பிரிவுகளும், அது நடைமுறைக்கு வந்த நாளில் உங்கள் குடும்பம் எங்கே குடியிருந்தது, என்ன கையெழுத்துப் போட்டது என்பதும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் நாட்களைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. நாம் பள்ளியில் படித்த கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. சட்டத்தில் அது முடியவில்லை. பிரெஞ்சு அரசியல் சட்டப்படி, ஒரு நிலப்பகுதியை வேறு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் அங்குள்ள மக்களின் சம்மதமும் வேண்டும், நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். கீழூர் வாக்கெடுப்பு முதல் தேவைக்கு. இரண்டாவதற்காக 1956 மே 28 அன்று டெல்லியில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஸ்தானிஸ்லாஸ் ஒஸ்த்ரொரோகும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அப்புறம் அது பாரீஸில் ஆண்டுக்கணக்கில் தூங்கியது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு நிலப்பகுதியை மனமுவந்து விட்டுக்கொடுக்கும் சட்டத்தை அந்த நேரத்தில் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக எந்தப் பிரெஞ்சு அரசும் துணியவில்லை. அல்ஜீரியப் பிரச்சினை தீர்ந்த பிறகுதான், 1962 ஜூலையில் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்ட் 16 அன்று இரு நாடுகளும் ஒப்புதல் ஆவணங்களைப் பரிமாறிக்கொண்டன.

ஆக, 1954 நவம்பர் முதல் 1962 ஆகஸ்ட் வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் மக்கள் இந்திய நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தார்கள், ஆனால் சட்டப்படி பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பமொன்றில் 1958இல் காரைக்காலில் பிறந்த குழந்தையும் பிரெஞ்சுக் குடிமகனாகவே பிறந்தது. அதனால்தான் குடியுரிமை வழக்குகளில் 1954ஐ விட்டுவிட்டு 1962 ஆகஸ்ட் 16ஐக் கேட்கிறார்கள்.

ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு பொது விதியைச் சொல்கிறது. இந்தப் பகுதிகளில் பிறந்து, அந்த நாளில் இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, அது தானாக நடந்தது. ஐந்தாவது பிரிவு விலக்கைத் தருகிறது: ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்தால், பிரெஞ்சுக் குடியுரிமையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 1963 பிப்ரவரி நடுவில் அந்தக் கதவு மூடியது.

இப்படி மக்களுக்கு ஒரு தெரிவைக் கொடுப்பது ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் நெடுங்காலமாகக் கையாண்ட வழக்கம். 1860இல் சவோயும் நீஸும் பிரான்சுக்குப் போனபோது, பழைய குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஒரு வருடம் அவகாசம் இருந்தது. 1871இல் அல்சாஸ்–லொரேன் ஜெர்மனியிடம் போனபோது 1872 அக்டோபர் 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் அதில் ஒரு கொடுமை இருந்தது. பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர் வீட்டையும் ஊரையும் விட்டு பிரான்சுக்குக் குடிபெயர வேண்டும். புதுச்சேரி ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர் அதே தெருவில், அதே வீட்டில் தொடர்ந்து வாழலாம். இந்த ஒப்பந்தத்தில் மனிதத்தன்மை மிகுந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இன்றும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு வாக்குச்சாவடி போடுகிறார்கள் என்றால் இதுதான் காரணம். ஆனால் காரைக்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தரங்கம்பாடியை டென்மார்க் 1845இல் வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. அங்கே இருந்த தமிழரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

விதி எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்க, காரைக்காலில் பிறந்த மூன்று அண்ணன் தம்பிகளை எடுத்துக்கொள்வோம். மூவரும் பிரெஞ்சுக் குடிமக்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று மூத்தவர் காரைக்காலிலேயே இருக்கிறார். ஆறு மாதத்துக்குள் அவர் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் இந்தியர். நடு அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறார். அவருக்கு ஆறாவது பிரிவு. அவரும் தானாக இந்தியர் ஆகிறார், ஆனால் அதே ஆறு மாத உரிமை அவருக்கும் உண்டு. இளையவர் வியட்நாமின் சைகோனில் இருக்கிறார். அவருக்கு ஏழாவது பிரிவு, நிலைமை தலைகீழ். இந்தியாவுக்கு வெளியே இருந்ததால் அவர் எதுவும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரராக நீடிக்கிறார். இந்தியர் ஆக வேண்டுமென்றால்தான் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், மூன்று ஊர். பெரியப்பா குடும்பம் இந்தியராகவும் சித்தப்பா குடும்பம் பிரெஞ்சுக்காரராகவும் ஆனதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான், சாமர்த்தியமோ அதிர்ஷ்டமோ அல்ல.

இன்னொரு நுணுக்கம், இதைப் பலர் கவனிப்பதில்லை. நான்காவது பிரிவு "இந்தப் பகுதிகளில் பிறந்தவர்" என்கிறது. புதுச்சேரிப் பெற்றோருக்கு சைகோனில் பிறந்து, பிறகு ஊர் திரும்பி 1962இல் புதுச்சேரியில் குடியிருந்த பிரெஞ்சுக் குடிமகன் அந்த விதிக்குள் வரமாட்டார். அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமை போகவில்லை. வியட்நாமை உள்ளடக்கிய பிரெஞ்சு இந்தோசீனாவில் பிரெஞ்சு நிர்வாகத்திலும் பட்டாளத்திலும் வேலை பார்த்த புதுச்சேரிக்காரர்கள் ஏராளம் என்பதால் இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. தாத்தா பாட்டி பிறந்த ஊரைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவர் எடுத்த முடிவு மனைவியைக் கட்டுப்படுத்தாது என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. மனைவி தனியாக அறிவிக்க வேண்டும். அதனால் தாத்தா பிரெஞ்சுக்காரர், பாட்டி இந்தியர் என்ற குடும்பங்கள் உண்டு. திருமணமாகாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோர் முடிவு செய்தார்கள். பத்து வயதுச் சிறுவனின் நாடு எது என்பது அவன் அப்பா கையெழுத்தில் இருந்தது.

மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் ஏறக்குறைய ஐயாயிரம் பேர்தான் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் சொல்தா என்று அழைக்கப்படும் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்கள், பிரெஞ்சு அரசின் ஓய்வூதியர்கள், 1881 செப்டம்பர் 21 ஆணையின் கீழ் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தையும் ஒரு குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டவர்களின் வழிவந்தோர் ஆகியோர் இவர்களில் முக்கியமானவர்கள். மற்றவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று இன்று சொல்வது நியாயமில்லை. சுதந்திரத்துக்காகப் போராடிய ஊர் இது. இந்தியராக இருப்பதே பெருமை என்று நினைத்து அந்தத் தாளைத் தொடாதவர்கள் இருந்தார்கள், அவர்கள் முடிவையும் மதிக்க வேண்டும்.

சரி, இன்றைக்கு என்ன நிலைமை? அந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்காமல் இந்தியரானவரின் வாரிசுகளுக்கு, 1956 ஒப்பந்தத்தின் பேரில் இப்போது எந்த வழியும் இல்லை. காலக்கெடுவை யாரும் நீட்டவில்லை. இதைத் தெரிந்துகொண்டால் தரகர்களுக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும்.

தாத்தாவோ பாட்டியோ பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார் என்றால் அடுத்த கட்டம். பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி, தாய் தந்தையரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் பிரெஞ்சுக் குடிமகன்தான், எங்கே பிறந்தாலும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 30-3ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. குடும்பம் 50 ஆண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, விண்ணப்பிப்பவரும் அவருக்குக் குடியுரிமையைக் கொடுக்க வேண்டிய தாய் அல்லது தந்தையும் அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரராக வாழ்ந்ததற்கு அடையாளமே இல்லை என்றால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்க நீதிமன்றம் அனுமதிக்காது. புதுச்சேரி பிரான்சுக்குச் சட்டப்படி வெளிநாடானது 1962 ஆகஸ்ட் 16. அங்கிருந்து எண்ணினால் 2012 ஆகஸ்டில் 50 ஆண்டு முடிந்துவிட்டது. தாத்தா கையெழுத்திட்ட தாள் கையில் இருந்தும், அப்பா ஒருநாளும் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யாமல், இந்தியப் பாஸ்போர்ட்டோடே வாழ்ந்துவிட்டார் என்றால் விண்ணப்பம் இங்கேதான் முட்டி நிற்கும். அடையாளம் என்றால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், துணைத் தூதரகப் பதிவு, பிரெஞ்சு வாக்காளர் பட்டியலில் பெயர், பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றிய பிறப்பு, திருமணம் போன்றவை. அந்த அரை நூற்றாண்டுக்குள் அவை நடந்திருக்க வேண்டும்.

காகிதங்களில் நம்மவர்கள் தடுமாறும் இடம் பெயர். தாத்தாவின் பிறப்புச் சான்றில் பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதிய பெயர் ஒன்று, அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டில் இன்னொன்று, அதற்கு முன்னால் ஒரு இனிஷியல். நமக்கு இரண்டும் ஒரே ஆள். பாரீஸில் கோப்பைப் பிரிக்கும் அதிகாரிக்கு இரண்டு ஆட்கள். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட திருமணம், பல ஆண்டு கழித்து நீதிமன்ற உத்தரவில் வாங்கிய பிறப்புச் சான்று ஆகியவையும் இதே சிக்கலைத் தரும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள உறவு, பிள்ளை மைனராக இருக்கும்போதே சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் அது குடியுரிமைக்கு உதவும். பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருப்பவர்கள் குழந்தை பிறந்ததும் துணைத் தூதரகத்தில் பதிவு செய்வதைத் தள்ளிப் போடவே கூடாது.

பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ் கேட்பவர், இந்தியாவில் பிறந்து இந்தியாவிலேயே வசிப்பவர் என்றால், பாரீஸ் நீதிமன்றத்தின் குடியுரிமைப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து அதற்கென்று உள்ள படிவத்தில்தான் அனுப்ப வேண்டும். மறுத்தால், மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு பிரான்சில் ஒரு வழக்கறிஞர் தேவைப்படும். புதுச்சேரி துணைத் தூதரகம் வழி சொல்லும், பாஸ்போர்ட் கொடுக்கும். சந்தேகத்துக்குரிய குடியுரிமையை முடிவு செய்யும் இடம் அது அல்ல.

இந்தியப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இரண்டு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பயணம் செய்வது சட்டச் சிக்கலில்தான் முடியும். பிரெஞ்சுக் குடிமகனாக இங்கே வாழ விரும்புகிறவர்களுக்கு ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) போன்ற வழிகள் இருக்கின்றன.

"கோவாக்காரர்களுக்கு மட்டும் போர்ச்சுகல் பாஸ்போர்ட் இன்றும் எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1961 டிசம்பரில் இந்தியா ராணுவத்தை அனுப்பி கோவாவை மீட்டது. போர்ச்சுகல் அதை ஏற்கவில்லை. 1974 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில்தான் ஏற்றது. ஆறு மாதத்துக்குள் தேர்ந்தெடுங்கள் என்று போர்ச்சுகல் மக்களுக்கு ஒரு கெடு வைக்கவே இல்லை. அதனால் 1961 டிசம்பருக்கு முன் அங்கே பிறந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் போர்ச்சுகல் சட்டம் இன்னும் ஏற்றுக்கொள்கிறது. புதுச்சேரியில் இரண்டு அரசுகளும் நட்போடு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி முடித்தார்கள். எழுதி முடித்ததாலேயே கெடுவும் வந்தது, கெடு முடிந்ததும் கதவும் மூடியது.

உங்கள் குடும்பத்தில் வாய்ப்பு இருக்கும் என்று நினைத்தால், யாரிடமும் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: தாத்தா பாட்டி பிறந்த ஊர், 1962 ஆகஸ்ட் 16 அன்று அவர்கள் குடியிருந்த ஊர், 2012க்கு முன் உங்கள் அப்பாவோ அம்மாவோ நீங்களோ வாங்கிய பிரெஞ்சு ஆவணம் ஏதாவது. மூன்றாவது கிடைக்கவில்லை என்றால், முதல் இரண்டும் எவ்வளவு பலமாக இருந்தாலும் வழக்கு நிற்பது கடினம்.