ஸ்பெல்லிங் வராத ஆங்கில ஆசிரியர்

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எனக்கு ஸ்பெல்லிங் சரியாக வராது. இலக்கணத்திலோ பேச்சிலோ தடுமாற்றம் இல்லை. போர்டுப் பக்கம் திரும்பினால்தான், இந்தச் சொல்லில் 'சி' ஒன்றா இரண்டா என்று கை நின்றுவிடும்.

ஒருமுறை 'நெசசரி' என்ற சொல்லை இரண்டு 'சி' போட்டு எழுதிவிட்டேன். அதில் 'சி' ஒன்று, 'எஸ்' இரண்டு. அடுத்த வாரக் கட்டுரைகளில் நாலைந்து பேர் அதே தவறோடு எழுதியிருந்தார்கள். பார்த்து ஒழுங்காக எழுதியவர்கள் அவர்கள், தவறு என்னுடையது. ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் அந்தச் சொல்லை வேறு நூறு இடங்களில் பார்த்திருப்பார், போர்டில் தப்பாக இருந்தால் கண்ணில் உறுத்தும். என் மாணவர் அதை முதன்முதலாகப் பார்ப்பதே என் போர்டில்தான்.

அதிலிருந்து, வகுப்பில் எழுதப்போகும் சொற்களை முந்தின நாளே அகராதியில் சரிபார்த்துவிடுகிறேன். எதிர்பாராத சொல் வந்தால், "இருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று அவர்கள் முன்னாலேயே தேடுகிறேன். மரியாதை போய்விடுமோ என்று பயந்தேன். போகவில்லை.

மனப்பாடத்தைவிட எனக்குக் கைகொடுத்தது சொற்களின் கதைதான். கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' கிடையாது. லத்தீனில் உள்ள 'டெபிட்டும்' என்ற சொல் நினைவுக்கு வரட்டும் என்று படித்தவர்கள் பின்னால் சேர்த்தது அது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' இன்னும் மோசம். லத்தீன் 'இன்சுலா'வுக்குச் சொந்தம் என்று தவறாக நினைத்து ஒரு 'எஸ்'ஸை நுழைத்துவிட்டார்கள். அதுவோ பழைய ஆங்கிலச் சொல். போர்வீரனைக் குறிக்கும் 'நைட்'டில் இருக்கும் 'கே'யை ஒரு காலத்தில் வாய்விட்டே உச்சரித்தார்கள். 1476-ல் வில்லியம் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். அதன் பிறகு எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது, உச்சரிப்பு மட்டும் மாறிக்கொண்டே போனது. இதைச் சொன்னதும் வகுப்பில் முகங்கள் தெளியும். அதுவரை தங்கள் மூளையில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எவ்வளவு பயிற்சி செய்தும் எழுத்துப்பிழை விடவில்லை, தாய்மொழியில் வாசிப்பதும் சிரமம் என்றால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. மாணவரோ ஆசிரியரோ, எந்த வயதிலும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

அப்புறம், திருத்தும் விதம். நன்றாகப் பேசும் ஒருவர் எழுத்தில் பெரிதான எல்லாவற்றுக்கும் 'பிக்' என்றே போடுவார். கேட்டால், "'எனார்மஸ்' தெரியும், ஸ்பெல்லிங்தான் தெரியாது" என்றார். பிழைக்குப் பயந்து தெரிந்த சொல்லையே ஒளித்துவைத்திருக்கிறார்! அதனால் முதல் வரைவில் எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை கிடையாது என்று வைத்துவிட்டேன். காதில் விழுந்தபடி எழுதட்டும், சந்தேகமான சொல்லுக்கு அடியில் கோடு போடட்டும். இரண்டாம் வரைவில் அந்தக் கோடுகளை மட்டும் சேர்ந்து அகராதியில் பார்ப்போம். அவருடைய கடைசிக் கட்டுரையில் 11 கோடுகள் இருந்தன. அதில் இரண்டு, 'எனார்மஸ்'ஸுக்கு.