சூடானால் நின்றுவிடும் வண்டி

கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். 1990களில் வந்த ஏ.டி.வி. ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கி, முன்னால் தகடு மாட்டி, வாசலில் குவியும் பனியைத் தள்ளுகிறார். "ஸ்டார்ட் பண்ணேக்க நல்லா ஓடுது. இருபது நிமிஷத்தில நிண்டுடுது. அரை மணித்தியாலம் விட்டா ஒண்டும் நடக்காத மாதிரித் திரும்ப ஓடுது. மாரியிலயும் இதுதான், கோடையிலயும் இதுதான். இது என்ன பேய்?"

ஏ.டி.வி. என்பது மோட்டார் சைக்கிள் கைப்பிடியும், கொழுத்த நான்கு டயர்களும் கொண்ட வண்டி. நம் ஊர்க் கடற்கரைகளில் ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவார்களே, அதுதான். 1970இல் ஹோண்டா அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய மூன்று சக்கர வண்டி இதற்கு மூதாதை. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பதில்லை, வேறு ஏதாவது கொடுங்கள் என்று அங்கிருந்த டீலர்கள் கேட்டதால் பிறந்தது.

பேய்க்கு வருவோம். எஞ்சின் ஓட பெட்ரோல் கலந்த காற்று வேண்டும், அதை அழுத்த வேண்டும், சரியான நேரத்தில் பொறி வேண்டும். சூட்டில் நிற்கிறது என்றால் இந்த மூன்றில் ஒன்று சூட்டில் கைவிடுகிறது.

பெட்ரோலைச் சோதிப்பது எளிது. வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னேன். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும். வண்டியும் உடனே ஓடும். ஓடவில்லை. குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியை மறிப்பது இன்னொரு வழக்கம். அந்தக் காலத்து டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணி போட்டது இதற்காகத்தான். மைனஸ் பத்து டிகிரியில் அதற்கு வாய்ப்புக் குறைவு. எதிர்ப்பக்கம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் ஐஸ் படிந்தாலும் வண்டி இப்படியே நின்று, எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகியதும் ஓடும். ஆனால் கோடையிலும் நிற்கிறதே! சோக் முழுதாகத் திறந்திருந்தது, பிளக்கில் கரி இல்லை. அழுத்தத்தைக் கெடுக்கக்கூடிய வால்வு இடைவெளி, அதாவது டேப்பெட், அதுவும் சரியாக இருந்தது.

மிச்சம் பொறி. நின்ற கையோடு பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் வாடை இல்லாத பக்கமாக எஞ்சின் உடம்பில் தொடவைத்துக் கிக்கரை உதைத்தால் ஒன்றும் இல்லை. அரை மணி கழித்து உதைத்தால் நீலமாகப் பளிச். இனி எனக்குப் பிடித்த இடம்.

இத்தகைய பழைய வண்டிகள் பலவற்றில் பொறிக்கு பேட்டரி தேவையில்லை. சுழலும் மேக்னெட் ஒரு காயிலில் மின்சாரம் எழுப்பி, ஒரு மின்தேக்கியை 200, 300 வோல்ட் வரை நிரப்பி வைக்கும். அணைக்கட்டு நிரம்பிவிட்டது, மதகை எப்போது திறப்பது? அதைச் சொல்வது பிக்கப் காயில் என்ற குட்டிச் சுருள். மேக்னெட் சக்கரத்தின் மேடு அதைக் கடக்கும்போது அதில் சில வோல்ட் துடிப்பு எழும். அந்தத் துடிப்பு மதகைத் திறக்க, தேங்கிய மின்சாரம் இக்னிஷன் காயிலுக்குள் பாய்ந்து, பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறி, பிளக்கில் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தாவுகிறது.

பிக்கப் காயிலில் இருப்பது தலைமுடியோடு போட்டி போடும் செப்புக் கம்பி. சுற்றுச் சுற்றாகச் சுற்றி, மேலே எப்பாக்ஸி என்ற பிசினை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். ஒரு மீட்டர் செம்பை 70 டிகிரி சூடாக்கினால் சுமார் 1.2 மி.மீ. நீளும். எப்பாக்ஸி, அதன் கலவையைப் பொறுத்து, இரண்டு மூன்று மடங்கு நீளும். ஆக ஒவ்வொரு முறை சூடாகும்போதும் எப்பாக்ஸி கம்பியைப் பிடித்து இழுக்கிறது, ஆறும்போது விடுகிறது. முப்பது வருடம் இப்படி இழுத்து விட்டால்? கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே களைப்புதான். ஓரிடத்தில் விரிசல் விடுகிறது. குளிர்ந்திருக்கையில் இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு மின்சாரத்தை விடுகின்றன. சூடானதும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு விலகுகின்றன.

முக்கால் மில்லிமீட்டர் தாவும் வண்டிக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டா? பொருட்டுதான். 1889இல் ஃபிரீட்ரிக் பாஷன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் வாயுக்களில் பொறி தாவ எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று அளந்தார். இடைவெளி குறையக் குறைய வோல்ட்டும் குறையும், சரி. ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு திரும்ப ஏறுகிறது! எலக்ட்ரான் ஓடி, மூலக்கூறை மோதி, அதிலிருந்து இன்னொரு எலக்ட்ரானை உதிர்த்து, அவை இரண்டும் நாலாகிப் பெருகினால்தான் பொறி. இடம் ரொம்பக் குறுகினால் மோதுவதற்கு ஆளே இல்லை. காற்றில் இப்படிப் பொறி பறக்க ஆகக் குறைந்தது சுமார் 330 வோல்ட் வேண்டும். பிக்கப் காயிலில் இருப்பதோ சில வோல்ட். மதகைத் திறக்கச் சொல்லும் ஆள் வாய் மூடிக்கொள்கிறான். அணை நிரம்பிக் கிடக்கிறது, ஒரு சொட்டு வரவில்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோவதற்குள் வண்டி ஆறிவிடும். மீட்டர் வைத்தால் காயில் 'நல்ல காயில்' என்றே காட்டும். பிளக் மாற்றுவார், கார்புரேட்டர் கழுவுவார், அப்புறம் சி.டி.ஐ. பெட்டி, அதாவது அந்த மின்தேக்கியும் மதகும் அடங்கிய பெட்டி. ஒவ்வொன்றையும் மாற்றி முடிப்பதற்குள் எஞ்சின் குளிர்ந்திருப்பதால் வண்டி ஓடும். மாற்றியதால்தான் ஓடியது என்று இருவரும் நம்புவார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு ஓடியது என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எலுமிச்சம்பழம் மலிவு, அவ்வளவுதான். செம்பு சூடானால் அதன் மின்தடை ஏறும் என்று பள்ளியில் ஒப்பித்தோம்; ஒரு கம்பியைச் சூடாக்கி மீட்டரில் பார்த்தவர் எத்தனை பேர்? ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணமெல்லாம் கண்ணாடி அலமாரிக்கும் பூட்டுக்குமே போய்விடுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

அவருக்கு நான் சொன்னது இதுதான்: காயிலை மறைக்கும் எஞ்சின் மூடியைக் கழற்றி, பிக்கப் காயிலின் இரு வயரிலும் மல்டிமீட்டரை மாட்டுங்கள், தலைமுடி உலர்த்தும் டிரையரால் காயிலை மெல்லச் சூடாக்குங்கள், பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 200 ஓம் காயில் 70 டிகிரி ஏறினால் 255 பக்கம் வரும். அதுவரை இயல்பு. அதை விட்டுத் திடீரென்று எண் காணாமல் போனால் விரிசல்.

வீடியோ அனுப்பினார். 204, 211, 219 என்று நிதானமாக ஏறி, 231இல் ஒரு நடுக்கம். பிறகு மீட்டரின் இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும்; வழி அறுந்துவிட்டது என்று மீட்டர் சொல்லும் விதம் அது. டிரையரை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, 220 என்று சாதுவாகத் திரும்பி வந்தது. பின்னணியில் ஒரு பெண் குரல்: "இஞ்சாருங்கோ, உந்த எண்ணெய்க் கையோட பிடிச்ச டிரையரை இனி நான் தலைக்குப் பிடிக்கேலாது."