ஸ்லைடு: தமிழில் படவில்லை

கூட்டத்தில் ஒருவர் பேசும்போது திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுகிற ஸ்லைடு என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் நாலைந்து விடை வரும். நழுவம், சில்லு, வில்லை, படவில்லை, காட்சி வில்லை. இவற்றில் நான் எழுதுவது படவில்லை. ஒரு ஸ்லைடு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது என்பதுதான் காரணம்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். ஸ்லைடு என்றால் நழுவுதல், வழுக்குதல். பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடுவதற்கும் அதே பெயர்தான். இந்த வினை ஒரு பொருளுக்குப் பெயரானது மாய விளக்கால். 1659 வாக்கில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உருவாக்கிய கருவி அது. உள்ளே ஒரு விளக்கு, முன்னால் ஒரு லென்சு, இரண்டுக்கும் நடுவே படம் தீட்டிய கண்ணாடித் துண்டு. அந்தத் துண்டைப் பக்கவாட்டில் உள்ள பிளவில் நழுவவிடுவார்கள். பார்த்து முடித்ததும் தள்ளிவிட்டு அடுத்ததை நுழைப்பார்கள். நழுவி வந்து நழுவிப் போவதால் அது ஸ்லைடு. நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கிற கண்ணாடித் துண்டும் இதே பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பிறகு பிலிம் வந்தது. 35 மி.மீ. பிலிமில் 24 × 36 மி.மீ. அளவுள்ள ஒரு படத்தை வெட்டி, 50 மி.மீ. சதுரச் சட்டத்துக்குள் பொருத்துவார்கள். 1961-இல் வந்த, படங்களைத் திரையில் காட்டும் கோடக் கேரசல் கருவியின் வட்டத் தட்டில் இப்படி 80 படங்களை அடுக்கலாம். 1987-இல் கணினியில் ஸ்லைடு செய்யும் மென்பொருளான பவர்பாயிண்ட் வந்தது. அதற்கு முதலில் வைத்த பெயர் பிரசென்டர். உருவாக்கிய ஃபோர்தாட் நிறுவனத்தை அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. இன்று திரையில் நழுவுவதற்குக் கண்ணாடியும் இல்லை, சட்டமும் இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். நழுவம் என்பது ஆங்கில வினையை அப்படியே பெயர்த்த சொல். ஆனால் இன்றைய ஸ்லைடு நழுவுவதில்லையே! சில்லு என்றால் உடைந்த தட்டைத் துண்டு. நல்ல சொல்தான், ஆனால் கணினித் துறையில் சிப் என்பதற்கு அது ஏற்கெனவே வழங்குகிறது. ஒரே துறையில் ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்தால் குழப்பம்தான்.

வில்லை அப்படியல்ல. மெல்லிதாக, தட்டையாக, கைக்குள் அடங்குகிற துண்டு எதுவும் வில்லை. மருந்து வில்லை, சோப்பு வில்லை என்கிறோம். பணியாள் மார்பில் அணிந்த அடையாளத் தகட்டுக்கும் வில்லை என்றே பெயர். அதை அணிந்தவர் வில்லைச் சேவகன். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: அளவு சிறியது, வேலை ஒன்று. மருந்து வில்லை ஒரு வேளைக்கு உரியது. சேவகனின் வில்லை அவர் யாருடைய ஆள் என்பதை மட்டும் சொல்லும். லென்சையும் வில்லை என்பதால், முன்னால் ‘பட’ சேர்த்துப் படவில்லை என்றால் மயக்கம் தீர்ந்தது.

இந்த அளவு மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான எடுத்துக்காட்டு இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய கொலம்பியா விண்ணோடத்தின் இடது இறக்கையில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று மோதியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் ஆபத்தைக் கணித்து ஸ்லைடுகளாக முன்வைத்தார்கள். அதில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகளின்படி பெரிய ஆபத்து இல்லை என்ற எண்ணத்தைத் தந்தது. அதன் கீழே படிப்படியாக உள்தள்ளிய வரிகள். கடைசி வரியில், சின்ன எழுத்தில், உண்மையான செய்தி: சோதித்த துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம். 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் விசாரணைக் குழு, பொறியியல் அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடுகள் வந்து உட்கார்ந்துவிட்டதைக் கடுமையாகக் குறை சொன்னது.

அந்த விவரங்களுக்கு உரிய இடம் ஏடு. உட்கார்ந்து, திருப்பிப் பார்த்து, அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டியது ஏட்டில் வரட்டும். ஒருவர் பேசும்போது பின்னால் தெரிவது மட்டும் வில்லையில் வரட்டும். பேசுவதையே திரையிலும் எழுதி வைத்தால் கேட்பவருக்குப் புரிதல் கூடுவதில்லை, குறைகிறது என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சோதனைகளில் காட்டியிருக்கிறார். காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் சொல்லும் ஒரே கவனத்துக்குப் போட்டி போடுகின்றன.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பவர்பாயிண்ட் கோப்பைச் சுருக்கி “பிபிடி அனுப்புங்கள்” என்று கேட்கிறோமே, அங்கே கோப்பும் பேச்சும் ஒன்றாகிவிடுகின்றன. கோப்பு விளக்கக்காட்சி, ஒருவர் எழுந்து நின்று சொல்வது முன்வைப்பு. இரண்டையும் பிரித்துச் சொல்லிப் பழகினால், எதை எங்கே வைப்பது என்பது தானாகத் தெளிவாகும்.

தமிழில் படவில்லை செய்பவர்களுக்குச் சில தனிக் கவலைகள் உண்டு. தலைப்பில் ‘விற்பனை நிலவரம்’ என்று வைத்தால் அது வெறும் பெயர்ப்பலகை. ‘சரிவு மூன்றாம் காலாண்டில்தான் தொடங்கியது’ என்றால் செய்தி வந்துவிட்டது. கீழே ஒரு வரைபடம், அந்தக் காலாண்டுக்கு மட்டும் வேறு நிறம், போதும். ஆனால் தமிழில் வினை கடைசியில் வருவதால் தலைப்பு நீண்டால் முக்கியமானது இரண்டாம் வரிக்கு ஓடிவிடும். ‘குறைந்திருப்பதைக் காண முடிகிறது’ என்று எழுதாமல் ‘குறைந்தது’ என்று முடித்தால் ஒரே வரியில் நிற்கும். வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள்: கி, கீ மேலே வளைகின்றன, பு, பூ கீழே இறங்குகின்றன, நெருக்கினால் முட்டிக்கொள்ளும். அடிக்கோடு வேண்டவே வேண்டாம், அது சு, ழு ஆகியவற்றின் காலை வெட்டிவிடும். அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்து. எழுத்தளவில் 24 புள்ளிக்குக் கீழே நான் இறங்குவதில்லை. அதற்குள் அடங்காவிட்டால் சொற்களைக் குறைப்பேன்.

புழக்கம் எளிதுதான். எழுத்தில் முதல் முறை படவில்லை என்று எழுதிவிட்டு, அப்புறம் வில்லை என்றே தொடரலாம். பன்மை படவில்லைகள், ஸ்லைடு ஷோ படவில்லைக் காட்சி. பேச்சில் ஸ்லைடு என்றே வாயில் வந்தாலும் தப்பில்லை, ஆனால் கூட்டத்தில் ஒரு முறை “மூன்றாவது வில்லைக்குப் போங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.